அவிழ்க்காத இலைக்கட்டு

தம்பி,

இடுக்கி அணையில் கரண்ட் எடுக்க ஆரம்பித்த வருசம் அது. எமர்ஜென்சி போட்டு ஒரு வருசம் தாண்டியிருந்தது. போலீஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். ஊரெல்லாம் வெளிச்சம் வரப்போகிறது என்றார்கள், நம் மலைக்கு மட்டும் மண்ணெண்ணெய் விளக்குதான். ஆவணி, புரட்டாசி முழுக்க விடாமல் பெய்து, ஐப்பசியில்தான் வெயில் கொஞ்சம் முகம் காட்டியது. அந்த ஐப்பசியில் நீ உன் அம்மா வயிற்றில் ஏழு மாதம். எனக்கு எழுத்துத் தெரியாது, தாளைப் பார்த்து நாளும் தேதியும் சொல்லத் தெரியாது. ஆனால் எதற்கு முன்னால் எது நடந்தது, எதற்குப் பின்னால் எது நடந்தது என்பது எனக்கு மாறாது. நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் நீ சிரிப்பாய் என்று அவள் திருத்தித்தான் எழுதுவாள். வார்த்தையைத் திருத்திக்கொள், நடந்ததைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

போன புதன்கிழமை காலையில் ஸ்டோர்க் கதவைத் திறக்கப் போனேன். ஏலக்காய் உலர்த்துகிற அந்தக் கட்டடத்தின் நிலைக்கம்பில் ஒரு கட்டு தொங்கியது. காட்டுவாழை இலை, நார் போட்டு மூன்று சுற்று, மேலே ஒரு முடிச்சு. அடியில் இரண்டு சொட்டு இரத்தம் தரையில் விழுந்து காய்ந்திருந்தது. தொட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை, என்ன கட்டு என்று தெரிந்து உன் அக்காவைக் கூப்பிட்டேன். உன் அக்கா உனக்குப் போன் போட்டுச் சொன்னபோது நீ சிரித்தாய். "பன்னி தோட்டத்தத் தோண்டிப் போடுதுன்னு அப்பாதான தெனமும் பொலம்புறாரு. சுட்டுட்டுப் போறாக, கறியும் குடுக்குறாக. வாங்கி பிரிட்ஜுல வையிங்க, அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்" என்றாய். உன் மேல் தப்பு இல்லை. திருப்பூரை விட்டுவிட்டு, குடும்பத்தோடு இங்கே வந்து தோட்டத்தைப் பார்க்கப் போகிறேன் என்கிறாய். பத்திரம் உன் பெயருக்கு மாறப் போகிறது. செடிக்கு எப்போது மருந்து, எப்போது கவாத்து, எந்தச் சரிவில் நீர் நிற்கும் என்று எல்லாம் சொல்லித் தந்தேன். அந்தக் கட்டு என்ன என்று மட்டும் சொல்லித் தரவில்லை. ஐம்பது வருசமாகச் சொல்லவில்லை. பயத்தில் சொல்லவில்லை.

அதற்கு மண் பங்கு என்று பெயர். அடுத்தவன் நிலத்தில் வேட்டை விழுந்தால், வலது பின்தொடையை இலையில் கட்டி அந்த நிலத்துக்காரன் வாசலில் தொங்கவிட்டுப் போவார்கள். கேட்க மாட்டார்கள், கூப்பிட மாட்டார்கள், முகத்தையும் காட்ட மாட்டார்கள். நிலத்துக்காரனுக்குப் பிடிக்கவில்லை என்றால், முடிச்சை அவிழ்க்காமல் அந்தக் கட்டை அப்படியே கொண்டுபோய் எல்லை மரத்தில் தொங்கவிட வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் அந்த நிலத்தில் கால் வைக்க மாட்டார்கள். முடிச்சை அவிழ்த்துவிட்டாயோ, உன் நிலம் அவர்களுக்குத் திறந்த நிலம். தின்றாயா, நாய்க்குப் போட்டாயா, குழி தோண்டிப் புதைத்தாயா என்பதெல்லாம் கணக்கே இல்லை. அவிழ்த்த கைதான் கணக்கு. இது எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆனால் போடிமெட்டிலிருந்து உடும்பஞ்சோலை வரைக்கும் துப்பாக்கி பிடித்தவன் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

எனக்கும் தெரியும் தம்பி. தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அந்த வருசம் ஆவணியில் முதல் கட்டு தொங்கியபோது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உன் அம்மா வாயும் வயிறுமாக இருந்தாள். ஒரு மாதமாக ரேஷன் அரிசியும் கீரையும்தான். மழையில் பாதை அறுந்து சந்தைக்குப் போக வழியில்லை. கேழையாட்டுக் கறி, சின்ன மான், இளசு, எலும்பு தெரியாமல் சதை. ஒரு தடவைதானே என்று அவிழ்த்தேன். உன் அம்மாதான் பதறினாள். "வேணாங்க, கொண்டுபோயி மாட்டிட்டு வந்துருங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் அதற்குள் அரிவாள்மனையைத் தேடிக்கொண்டிருந்தேன். கறி வெந்து இறங்கும்போது அவளும் சாப்பிட்டாள், உன் சித்தியும் சாப்பிட்டாள், நாலு வயசு உன் அக்காவும் சாப்பிட்டாள். அவளுக்கு அந்த ருசி நினைவில் இல்லையாம். எனக்கு இருக்கிறது.

கட்டியது யார் என்று மறு வாரமே தெரிந்துவிட்டது. டீக்கடையில் நான் நுழைந்ததும் ராசாங்கம் தலையைத் தூக்கிப் பார்த்து, "என்னண்ணே, கறி நல்லா வெந்துச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது. ராசாங்கம் கெட்டவர் என்று அப்போது யாரும் சொல்ல மாட்டார்கள். நம் மலைமுகட்டில் வண்டி என்று இருந்தது அவருடைய ஜீப் ஒன்றுதான். பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடித்தாலும் அந்த ஜீப்தான் போடிக்கு இறக்கிவிட வேண்டும். யார் வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டாலும் எடுப்பார், அதைப் பொய் சொல்லக்கூடாது. அப்படி ஒரு மனிதரிடம் என் நிலத்தில் சுடாதே என்று யார் சொல்லுவது? உன் அம்மாவுக்கு இன்னும் சில மாதத்தில் அந்த ஜீப் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் நிலத்தில் வேட்டை. குட்டப்பன் என்று ஒருத்தன் நாய்களைக் கொண்டுவருவான். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவான், நல்ல பையன்தான், தடம் பார்க்கிறதில் கெட்டிக்காரன். அவன் மேல் முகட்டிலிருந்து நாய்களை விட்டு மிருகத்தைக் கீழே விரட்டுவான், ராசாங்கம் ஓடைப் பக்கம் துப்பாக்கியோடு நிற்பார். நடுவில் இருப்பது நம் ஏலச்செடி. உனக்குத் தெரியும், ஏலக்காய் மேலே காய்க்காது, தூரில், மண்ணை ஒட்டிச் சரம் ஓடிக் காய்க்கும். காய் எடுக்கிற பெண் தூருக்குள் குந்தி, தலையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆள் தெரியாது. மேலே இலை மட்டும் ஆடும். பன்றி கிழங்கு தோண்டினாலும் மேலே அதே இலை, அதே ஆட்டம். மூட்டம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அந்தப் பக்கம் எது என்று கடவுளுக்கே தெரியாது. நாய்ச் சத்தம் கேட்டால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஒவ்வொரு தூராக ஓடி, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தலையை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

புரட்டாசியில் இரண்டாவது கட்டு வந்தது. அதை அவிழ்க்காமல் எல்லை மரத்தில் கொண்டுபோய் மாட்டினேன். மறுநாள் அதே கட்டு மறுபடி நம் வாசலில் தொங்கியது. ஜீப்பை வழியில் நிறுத்தி ராசாங்கம் சொன்னார், "தொட தின்ன வாயி அது. இனி தொறக்கப்புடாதுப்பா." அவர் வாயில் நான் அண்ணே போய் அப்பா ஆகிவிட்டேன். காட்டு இலாகாவுக்குச் சொல்லலாம் என்று உன் அம்மா சொன்னாள். புதுச் சட்டம் வந்து வேட்டையே கூடாது என்று ஆகியிருந்தது. ஆனால் கறி வெந்தது என் வீட்டு அடுப்பில். என் நிலத்துக்கு அப்போது கைச்சாத்துத் தாள் ஒன்றுதான், சரியான பட்டா இல்லை. நான் ஒரு வாய் திறந்தால் அவர்கள் பத்து வாய் கேட்பார்கள் என்று பயந்தேன்.

பெண்கள்தான் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காய் எடுக்கும்போது வாய் மூடாமல் சத்தம் கொடுப்பது. ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு நகரும்போது குரல் கொடுத்துவிட்டு நகருவது. அதை ஆரம்பித்தவள் உன் சித்தி. உன் அம்மாவுக்குத் தங்கச்சி, அப்போது பத்தொன்பது இருபது வயசு, தைக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. அக்காவின் பிரசவம் வரைக்கும் கூட இருக்கட்டும் என்று கீழேயிருந்து வந்தவள். அவளுக்கு வாய் ஓயாது. மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி, மாமியாரின் நடையைப் பற்றி இட்டுக்கட்டிப் பாடுவாள், சுற்றிலும் தூருக்குள் இருந்து சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். இந்தா ஒருத்தி, அந்தா ஒருத்தி என்று காதால் எண்ணிக்கொள்வேன்.

இனி சொல்லப்போவதுதான் நான் செய்த பெரிய தப்பு. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பழுத்த காய் தூரில் நின்று வெடித்துக்கொண்டிருந்தது, ஒரு நாள் விட்டாலும் அணில் தின்னும், அழுகும். ராசாங்கம் காலையில் ஸ்டோர் வாசலுக்கு வந்தார். பெரிய ஒற்றைப் பன்றி ஒன்று மேல் சரிவில் படுத்திருக்கிறது, குட்டப்பன் தடம் பார்த்துவிட்டான், உன் ஆட்களைக் கீழ்ச் சரிவில் வைத்துக்கொள், பன்றியை ஓடைப் பக்கம் ஒதுக்கி விரட்டுகிறோம், உன் ஆட்கள் பக்கம் வர மாட்டோம் என்றார். பிறகு போகிற போக்கில், "ஒன் கொழுந்தியா பாட்ட மட்டும் இன்னைக்கி நிப்பாட்டு. அவ கூச்சலுக்கு மிருகம் ஒன்னு கூட நிக்க மாட்டேங்குது" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழ்ச் சரிவுக்குப் போய், இன்றைக்கு ஒரு நாள் சத்தம் போடாமல் எடுங்கள் என்று பெண்களிடம் சொன்னேன். உன் சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பன்னிக்கித் தூக்கம் கெட்டுருமா மாமா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் நின்றதைப் பார்த்துவிட்டு, சரி என்று வாயை மூடிக்கொண்டு தூருக்குள் குந்திவிட்டாள். அந்த வரிசை உன் அம்மாவுடையது. உன்னால் குனிய முடியவில்லை, நீ கஞ்சி காய்ச்சு, நான் எடுக்கிறேன் என்று உன் சித்திதான் அவளை அனுப்பிவிட்டாள்.

பத்து மணி இருக்கும். மூட்டம் ஓடையிலிருந்து ஏறி வந்தது. மேலே நாய் குரைத்தது, பிறகு அந்தக் குரைப்பு இறங்கி வந்தது. பன்றி அவர்கள் சொன்ன பக்கம் போகவில்லை. எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நான் ஓட ஆரம்பித்தேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று காதால் எண்ணப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. நான் சொன்னபடி எல்லாரும் வாயை மூடியிருந்தார்கள். அந்த அமைதியை நான் எப்படிச் சொல்லுவேன்? எட்டுப் பெண்கள் இருக்கிற சரிவில் இலையில் நீர் சொட்டுகிறது மட்டும் கேட்கிறது. ஓடைப் பக்கமிருந்து ராசாங்கம் வேகமாக ஏறி வருவது மூட்டத்துக்குள் நிழலாகத் தெரிந்தது. மேலேயிருந்து குட்டப்பன் "வெடி வெக்கல்லே, சேட்டா, ஆளுண்டு" என்று தொண்டை கிழியக் கத்தினான். சுடாதே, ஆள் இருக்கிறது என்று. அவன் கத்தி முடிப்பதற்குள் வெடித்துவிட்டது. என் கண் முன்னால் ஆடிக்கொண்டிருந்த இலை ஒன்று நின்றது.

இந்த இடத்தில் உன் அக்கா பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறாள்.

உன் சித்தியின் கண்ணில் பட்டுப்போன மரக்கொம்பு குத்தியது என்றுதான் உனக்குத் தெரியும். கொம்பு இல்லை தம்பி. ஈயக் குண்டு. இடது கண்ணில் ஒன்று, தோளில் நான்கு. குட்டப்பன் துண்டால் கட்டி, அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஏறினான், வழி முழுக்க அழுதுகொண்டே ஏறினான். ரோட்டில் ஜீப் நின்றது. நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ராசாங்கம் ஏறவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றார். சாவி அவர் கையிலிருந்து ஒரு தடவை நழுவி விழுந்தது, அதையும் சொல்ல வேண்டும். "ஒன் நெலத்துல நடந்துருக்கு. பங்கு வாங்குனவன் நீயி. போலீசு வந்தா எனக்கு முந்தி ஒனக்குத்தான் வெலங்கு. பட்ட கொம்பு குத்திருச்சு, விழுந்துட்டா. சொல்லு, வண்டிய எடுக்குறேன்" என்றார். விழுந்துட்டா என்றேன். "கேக்கல" என்றார். மறுபடி சத்தமாகச் சொன்னேன். உன் சித்திக்கு நினைவு இருந்தது. ஒரு கண் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி போடிமெட்டுத் தாண்டி வளைவு வளைவாக இறங்கும் வரைக்கும் அந்தக் கண் என்னை விட்டு நகரவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ராசாங்கத்துக்குத் தெரிந்த ஒரு வைத்தியர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனோம். அவர் கேட்கக்கூடாததைக் கேட்கிறவர் இல்லை. ஆனாலும் ஊசி போடுமுன் என்னம்மா ஆச்சு என்று பேச்சுக்குக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் சித்தி, "விழுந்துட்டேங்க" என்றாள். நான் ஒரு பொய் சொன்னேன், அவள் அதைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். எனக்காகவா, அக்காவுக்காகவா, வயிற்றில் இருந்த உனக்காகவா, இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கப் பயம். கண் போய்விட்டது. தோளில் ஒரு குண்டுதான் வெளியே வந்தது, மூன்று உள்ளேயே இருக்கிறது. மார்கழிப் பனியில் அவள் தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, வாதம் என்று நீயும் திருப்பூரிலிருந்து தைலம் வாங்கி அனுப்புகிறாயே, அது வாதம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள், மறுபடி வரவில்லை. தையும் போனது. காட்டு இலாகாக்காரர் ஒருவர் வெடிச் சத்தம் பற்றி விசாரிக்க வந்தபோது, தீபாவளி வெடி என்று சொன்னேன். அவர் உன் சித்தியின் கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சித்தியோடு தோட்டத்துக்குப் போக வெட்கப்படுவாய். தனியாகப் பேசுகிறாள், செடியோடு பேசுகிறாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று அழுவாய். இன்றைக்கும் அவள் செடிக்குள் நுழைந்தால் வெளியே வரும் வரைக்கும் வாய் மூடுவதில்லை. பாட்டு நின்றுவிட்டது, பேச்சு மட்டும்தான். அவள் செடியோடு பேசவில்லை தம்பி. நான் இங்கே இருக்கிறேன், நான் பன்றி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளை ஒரு நாள் வாய் மூடச் சொன்னவன் நான்.

புதன்கிழமை அந்தக் கட்டை நான் அவிழ்க்கவில்லை. எல்லை மரம் வரைக்கும் நடக்க எனக்குத் தெம்பு இல்லை, ஆனாலும் எடுத்தேன். சித்தி பின்னாலேயே வந்துவிட்டாள். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள், மழையைப் பற்றி, அட்டையைப் பற்றி, ஒன்றுமில்லாததைப் பற்றி. மரத்தில் மாட்டும்போது மட்டும் நின்று, "முடிச்சு அவுராம இருக்கான்னு பாத்துக்கங்க மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நேற்று சனிக்கிழமை இரண்டு பேர் வண்டியில் வந்தார்கள். சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசினார்கள். கறியைத் திருப்பி மாட்டிட்டீங்களே பெரியவரே என்று சிரித்தார்கள். பிறகு ஒருத்தன் சொன்னான், "பரவால்ல, புது ஓனரு வாராருல்ல, அவருகிட்டப் பேசிக்கிறோம்." இன்று காலையிலேயே உன் அக்காவைப் பேனா எடுக்கச் சொன்னேன். அதனால்தான் திருப்பூருக்கு வருகிற ஆள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ வருவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

பன்றி தொல்லைதான், இல்லை என்று சொல்லவில்லை. பஞ்சாயத்தில் எழுதிக் கொடு, அனுமதி உள்ள ஆள் நாள் சொல்லிவிட்டு வரட்டும். அன்றைக்குத் தோட்டத்தில் ஒரு ஆள் இருக்கக் கூடாது. மற்றபடி எவன் வந்தாலும் தனியாக எதிரில் போய் நிற்காதே, மறைந்தும் நிற்காதே, முகம் தெரிகிற இடத்தில் நாலு பேரோடு நின்று பேசு. சண்டை போடாதே. சிரிக்கவும் செய்யாதே. நான் டீக்கடையில் சிரித்த சிரிப்புதான் எல்லாவற்றையும் விட எனக்குக் கசக்கிறது. வேலைக்கு வருகிற பெண்களை எவன் சொன்னாலும் வாய் மூடச் சொல்லாதே. வண்டி இருக்கிறவன், செல்வாக்கு இருக்கிறவன், நாளைக்கு உனக்கு உதவப்போகிறவன், யார் சொன்னாலும் சரி.

இவ்வளவு சொல்லியும் முடிவு உன்னுடையது, நிலம் இனி உன்னுடையது. என்னிடம் சம்மதம் கேட்க வேண்டாம். அதைக் கொடுக்கிற தகுதியை ஒரு தொடைக்கறிக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அந்தச் சரிவில் இருந்தவர்களைக் கேட்கலாம் என்றால், ராசாங்கம் வயசாகிப் படுக்கையில்தான் செத்தார், நானும் போய் மாலை போட்டேன். குட்டப்பன் அதற்குப் பிறகு நாய் வளர்க்கவே இல்லை, மஞ்சள்காமாலையில் போய்விட்டான். காய் எடுத்த பெண்களில் கீழே கம்பத்துக்குக் குடிபோன கடைசி ஆளும் போன வருசம் போய்விட்டாள். உன் அம்மா போய் ஆறு வருசம். என்னைக் கணக்கில் சேர்க்காதே, நான் குண்டு பாயாத பக்கம் நின்றவன். ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததும் நேராகக் கீழ்ச் சரிவுக்குப் போ. பேச்சுச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய், தூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துப்பாக்கிக்காரர்களை நம் மண்ணுக்குள் விடலாமா என்று அவளிடம் கேள். அவள் பெயரைச் சொல்லி இந்த வீட்டில் யாரும் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. உன் பிள்ளைகளுக்கும் சித்தி, அக்கா பிள்ளைகளுக்கும் சித்தி, ஊருக்கே சித்தி. மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான் தம்பி. பேச்சியம்மாள்.